ஒரே லீஸ்டு லைனில் தொலைபேசியும் கணினியும்: சண்டையில்லாமல் பங்குபோடும் வழி

மாலை நான்கு மணி ஆனால் சிங்கப்பூரின் துவாஸ் கிடங்கிலிருந்து போன் பேச முடியாது. "அண்ணே, கண்டெய்... நம்பர்... கேட்குதா?" என்று துண்டு துண்டாகத்தான் வரும். பாய லேபார் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் அலுத்துப்போய்க் கைபேசியில் அழைப்பார்கள். ஐந்து மணிக்கு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர்கள் ஒரு வைத்தியம் பார்த்திருந்தார்கள். கிடங்கையும் தலைமை அலுவலகத்தையும் இணைக்கும் லீஸ்டு லைன் (மாத வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) போதவில்லை என்று நினைத்து, நொடிக்கு 5 மெகாபிட்டாக இருந்ததை 10 மெகாபிட்டாக ஏற்றியிருந்தார்கள். மாத வாடகைதான் ஏறியது, நான்கு மணிக் கோளாறு அப்படியே இருந்தது.

நான்கு மணிக்கு நடந்தது இதுதான்: அன்றைய சரக்குக் கணக்கும் கண்காணிப்புக் கேமரா பதிவுகளும் ஒரே மூச்சில் தலைமை அலுவலகத்துக்குப் போகும். கிடைக்கிற பேண்ட்வித்தை (லைனின் கொள்ளளவை) எல்லாம் எடுத்துக்கொள்வதுதான் இந்த மாதிரிக் கோப்புப் பரிமாற்றத்தின் இயல்பு. 5 கொடுத்தால் 5, 10 கொடுத்தால் 10. அதனால் லைனைப் பெரிதாக்குவது மட்டும் தீர்வாகாது. நெரிசல் எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடம் உங்கள் கைவசம் இருக்க வேண்டும், யார் முன்னால் போவது என்று நீங்கள் சொல்ல வேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் அதற்காகத்தான். அந்தக் கிடங்கையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: 10 மெகாபிட் ஈதர்நெட் லீஸ்டு லைன், சுமார் 40 ஐபி தொலைபேசிகள் (குரலைக் கணினி வலை வழியாக அனுப்புபவை), வெளி அழைப்புகளுக்கான டிரங்க் (பொதுத் தொலைபேசி வலைக்கான இணைப்பு) பாய லேபாரில்.

பழைய முறையை ஏன் விட்டோம்

சிங்கப்பூரில் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு இ1 லைன் ஞாபகம் இருக்கும். 2.048 மெகாபிட், அதில் 64 கிலோபிட் அளவில் 32 காலத்துண்டுகள். ஒன்று ஒத்திசைவுக்கு, ஒன்று சிக்னலிங்குக்கு (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் தகவல்), மிச்சம் 30 பேச்சுக்கு. இரு முனையிலும் ஒரு மல்டிபிளெக்சரை (லைனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்து 15 துண்டுகளைப் பிபிஎக்ஸுக்கும் (அலுவலகத்தின் உள் தொலைபேசி நிலையம்) 15 துண்டுகளை ரவுட்டருக்கும் (கணினித் தரவுக்கு வழிகாட்டும் கருவி) வெட்டிக்கொடுப்போம். பேச்சின் தரம் குறை சொல்ல முடியாததாக இருந்தது. ஆனால் ராத்திரி யாருமே பேசாதபோதும் அந்த 960 கிலோபிட் சும்மா கிடக்கும், பக்கத்தில் பேக்கப் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். 24 மணி நேரமும் பேருந்துக்கு மட்டும் என்று கோடு போட்ட தடம் மாதிரி. இப்போது நாம் செய்வது, நம்மூர்ச் சாலைகளில் நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதி மாதிரியானது. சாலை எல்லோருக்கும் பொது, பேருந்து வரும்போது மட்டும் மற்றவர்கள் நிற்க வேண்டும்.

படி 1: ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள்

40 தொலைபேசி இருக்கிறது என்பதற்காக 40 அழைப்புக்கு இடம் ஒதுக்கக் கூடாது. பிபிஎக்ஸின் அழைப்புப் பதிவை இரண்டு வாரத்துக்கு எடுங்கள். அதில் அதிக நெருக்கடியான ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். துவாஸில் அந்த ஒரு மணி நேரத்தில் 80 அழைப்புகள், சராசரியாக 3 நிமிடம். 240 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 4. இதைத்தான் 4 எர்லாங் என்கிறோம். டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் அப்படியே பயன்படுகிறது. எர்லாங் பி அட்டவணையில் பார்த்தால், நூற்றில் ஓர் அழைப்புக்குத்தான் இடம் கிடைக்காமல் போகலாம் என்ற கணக்கில் 10 தடங்கள் 4.46 எர்லாங் வரை தாங்கும். ஆகவே 10 அழைப்புகள் போதும். 20 தடங்கள் என்றால் 12 எர்லாங் தாங்கும். தடம் இரண்டு மடங்கானால் சுமை கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறும். சின்னக் கிளை அலுவலகங்களுக்குத்தான் ஒதுக்கீடு எப்போதும் கூடுதலாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பதிவு எடுக்கும் இரண்டு வாரம் சாதாரண வாரமாக இருந்தால் ஏமாந்துபோவீர்கள். கிடங்குத் தொழிலில் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களின் கணக்கே வேறு.

படி 2: ஓர் அழைப்பு எவ்வளவு இடம் பிடிக்கும்

ஜி.711 கோடெக் (குரலை எண்களாக்கும் முறை) 64 கிலோபிட் என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்கும். அது வெறும் குரல். அதை 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்டாக (தரவுப் பொட்டலமாக) நறுக்கினால் நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். அதன் மேல் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். அப்புறம் ஈதர்நெட் உறை 18 பைட். மொத்தம் 218 பைட், அதாவது 87.2 கிலோபிட். விலேன் (ஒரே வலைக்குள் பிரித்த தனி வலை) அடையாளத்துக்கு 4 பைட், கம்பியில் போகும்போது முன்குறிக்கும் இடைவெளிக்கும் இன்னொரு 20 பைட் சேர்த்தால் 96.8 ஆகிறது. நான் கணக்கு போடும்போது ஓர் அழைப்புக்கு 100 கிலோபிட் என்று வைத்துக்கொள்வேன். 10 அழைப்புக்கு 1 மெகாபிட். இது ஒரு திசைக்கு. லீஸ்டு லைனில் போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனியாக 10 மெகாபிட் இருப்பதால் இதை இரண்டால் பெருக்க வேண்டாம். இந்தத் தவற்றைப் பல திட்ட அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் பிடிக்க நினைத்து ஜி.729க்குப் போகலாமா? குரல் 8 கிலோபிட்தான். ஆனால் 20 பைட் குரலுக்கு 58 பைட் தலைப்பு, ஆக 31.2 கிலோபிட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே கணக்கு சரியாக அதேதான். 10 மெகாபிட் லைனில் இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. அதோடு ஜி.729 மனிதப் பேச்சுக்காகச் செய்தது. காத்திருப்பு இசையாக நாதஸ்வரம் வைத்திருந்த ஓரிடத்தில் அதைக் கேட்டேன், யாரோ தகரத்தைச் சுரண்டுவது போலிருந்தது. பழைய ஃபேக்ஸ் இயந்திரம் இருந்தால் அதற்கும் ஜி.729 ஆகாது. ஜி.711 அல்லது ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38தான் வழி.

பேசாத நேரத்தில் பாக்கெட் அனுப்பாமல் நிறுத்தும் வசதியையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு நடுவில் அமைதி என்று ஒன்று வருவதே இல்லை.

கிளைக்கு நடுவில் ஐபிசெக் மறைகுறியாக்கம் போட்டிருந்தால் பாக்கெட்டுக்கு 50 முதல் 70 பைட் வரை கூடும். அப்போது ஓர் அழைப்புக்கு 125 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: லைன் கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவை

விற்பனைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, தொழில்நுட்பப் பிரிவில் ஒருவரைப் பிடியுங்கள். 10 மெகாபிட் என்பதை எந்த அடுக்கில் அளக்கிறார்கள், ஈதர்நெட் உறையும் சேர்ந்தா? கையில் கொடுக்கும் போர்ட்டின் வேகம் என்ன? மிஞ்சிப் போகும் பாக்கெட்டை வரிசையில் நிறுத்துகிறார்களா, தூக்கி எறிகிறார்களா? நான் போட்ட முன்னுரிமைக் குறியை மதிப்பார்களா? இரு முனைகளை மட்டும் இணைக்கும் லைனில் பெரும்பாலும் குறியைப் பார்க்க மாட்டார்கள். பல கிளைகளை இணைக்கும் எம்பிஎல்எஸ் என்றால் வகுப்பு வாரியாக விலை இருக்கும், எந்தக் குறி எந்த வகுப்புக்குப் போகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்ட் அமைப்பையும் இரு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள். ஒரு பக்கம் 100 மெகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று கட்டிப்போட்டு, மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். பிங் (தொடர்பு இருக்கிறதா என்ற சோதனை) போகும், லைன் பச்சையாகத்தான் எரியும், குரல் மட்டும் கடித்துத் துப்பியது போல வரும்.

படி 4: பாக்கெட்டுக்குப் பொட்டு வைத்தல்

ரவுட்டருக்கு எது குரல், எது கோப்பு என்று தெரிய வேண்டும். குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி (பாக்கெட்டின் தலைப்பில் போடும் முன்னுரிமைக் குறி) 46, அதன் பெயர் ஈஎஃப். அழைப்பைத் தொடங்கி முடிக்கும் சிக்னலிங்குக்கு 24. பேக்கப், கேமரா போன்ற அவசரமில்லாத மூட்டைகளுக்கு 8. மற்றது எல்லாம் 0. தொலைபேசிகளைத் தனிக் குரல் விலேனில் போடுங்கள். பெரும்பாலான மேசைகளில் கணினி தொலைபேசியின் பின்புறத் துளை வழியாகத்தான் இணைகிறது. சுவிட்ச் தொலைபேசியின் குறியை நம்ப வேண்டும், கணினியிலிருந்து வரும் குறியை அழித்து 0 ஆக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒருநாள் யாராவது ஒரு புத்திசாலி தன் டவுன்லோடுக்கு 46 போட்டுக்கொள்வார். நான் அப்படி ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். நல்ல பையன், இப்போது வேறு நிறுவனத்தில் நெட்வொர்க் பொறியாளர்.

கணினியிலேயே பேசும் சாஃப்ட்போன் இருந்தால் கொஞ்சம் சிக்கல். அதை யுடிபி போர்ட் எண்களை வைத்து அடையாளம் கண்டு சுவிட்சிலோ ரவுட்டரிலோ குறி போடுங்கள். வீடியோவை ஈஎஃப்பில் சேர்க்காதீர்கள். அதற்கு 34.

படி 5: வரிசையை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருதல்

எல்லாச் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. துவாஸ் ரவுட்டரில் முன்னுரிமை வரிசை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். குறி சரி, பாலிசி (ரவுட்டரில் எழுதும் விதித் தொகுப்பு) சரி, ஆனாலும் போன் வெட்டியது. ஏன்?

லைன் 10 மெகாபிட். போர்ட்டோ 1 கிகாபிட். ரவுட்டர் தன் போர்ட்டைத்தான் பார்க்கும். அதன் கண்ணுக்கு ஆறுவழிச் சாலை காலியாகக் கிடக்கிறது. 100,000 பைட் கோப்புத்துண்டு வந்தால் 0.8 மில்லிநொடியில் வெளியே தள்ளிவிடும். நெரிசலே இல்லாதபோது முன்னுரிமை வரிசைக்கு என்ன வேலை? அது தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த 100,000 பைட் 10 மெகாபிட் லைனில் போக 80 மில்லிநொடி வேண்டும். மிஞ்சியதை மறுபுறம் லைன் கொடுப்பவரின் கருவி தூக்கி எறிகிறது. அதற்குக் குரலும் தெரியாது, கேமராவும் தெரியாது. கோப்புப் பாக்கெட் தொலைந்தால் டிசிபி (கோப்பைக் கொண்டுபோகும் நெறிமுறை) திரும்ப அனுப்பிவிடும். தொலைந்த குரல் தொலைந்ததுதான்.

இதற்கு மருந்து ஷேப்பிங். ரவுட்டரிடம் "உன் போர்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, 9.5 மெகாபிட்டுக்கு மேல் வெளியே விடாதே" என்று சொல்ல வேண்டும். வேகத்தை நாமே குறைத்தவுடன் நெரிசல் நம் ரவுட்டருக்குள் வந்துவிடுகிறது. வரிசை நம் வாசலில் நிற்கிறது. இனி யாரை முதலில் அனுப்புவது என்பது நம் இஷ்டம். முழு 10 போடாமல் 9.5 போடுவது எதற்கு என்றால், ரவுட்டர் கணக்கில் எடுக்காத முன்குறியையும் இடைவெளியையும் லைன் கொடுப்பவர் கணக்கில் எடுக்கலாம். குரல் பாக்கெட் சின்னது என்பதால் அந்த வித்தியாசம் ஒவ்வொன்றிலும் பெரிதாகத் தெரியும். அப்படி அளக்கிறார்கள் என்று படி 3இல் தெரிந்தால் 9.2 வரைகூட இறக்கிவிடுங்கள்.

ஷேப்பர் எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை கதவைத் திறக்கிறது என்பதும் முக்கியம். சில கருவிகள் தாங்களாக வைத்துக்கொள்ளும் இடைவெளி குரலுக்கு மிக நீளம். 10 மில்லிநொடிக்குக் கொண்டுவாருங்கள். 9.5 மெகாபிட்டுக்கு ஒரு தவணையில் 95,000 பிட். பாலிசியில் இந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

இந்த ஒரு மாற்றத்தைச் செய்த அன்று மாலை நான்கு மணிக்கு நான் கிடங்கில்தான் இருந்தேன். நான்கேகால் வரை யாரும் புகார் சொல்லவில்லை. எதிரே காப்பிக்கடையில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்தேன்.

படி 6: வரிசைகளைப் பிரித்தல்

ஷேப்பர் தாய் பாலிசி என்றால் அதற்குள் வரிசைகள் சேய் பாலிசி. துவாஸில் நான் வைத்தது: குரலுக்குக் கண்டிப்பான முன்னுரிமை, 1.2 மெகாபிட். சிக்னலிங்குக்கு 5 சதவீதம். சரக்கு மென்பொருளுக்கும் கையடக்க ஸ்கேனர்களுக்கும் 40. பேக்கப்புக்கும் கேமராவுக்கும் 10. மிச்சமுள்ளது பொது.

சிஸ்கோ கருவியில் 'பிரையாரிட்டி' என்ற கட்டளையும் 'பேண்ட்வித்' என்ற கட்டளையும் வேறு வேறு. பேண்ட்வித் என்பது குறைந்தபட்ச உறுதி. மற்றவர்கள் சும்மா இருந்தால் பேக்கப் அந்த 10 சதவீதத்தைத் தாண்டி லைன் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், ராத்திரி அப்படித்தான் எடுக்கும். பிரையாரிட்டி என்பது முதல் மரியாதை, ஆனால் நெரிசல் நேரத்தில் அதுவே உச்சவரம்பும் ஆகிவிடும். 1.2 மெகாபிட்டைத் தாண்டிய குரல் பாக்கெட் குப்பைக்குப் போகும். குரலுக்கு மொத்த லைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்னுரிமை கொடுக்காமல் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் மற்ற மென்பொருள்கள் எல்லாம் ஊசலாட ஆரம்பித்துவிடும்.

சிக்னலிங்கை மறந்துவிடாதீர்கள். அளவில் அது கொசுறுதான். ஆனால் பொது வரிசையில் மாட்டினால் எண்ணை அழுத்திவிட்டு நாலு நொடி காத்திருக்க வேண்டிவரும், தொலைபேசிகள் பிபிஎக்ஸிலிருந்து பதிவு இழந்து திரும்பத் திரும்ப எழுந்திருக்கும்.

பெரிய பாக்கெட்டுகளைத் துண்டாக்கி நடுவில் குரலைச் சொருகும் வித்தை பற்றிப் பழைய புத்தகங்களில் நிறைய இருக்கும். 64 கிலோபிட் லைனில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 187.5 மில்லிநொடி ஆகும், அன்று அது தேவைப்பட்டது. 10 மெகாபிட்டில் 1.2 மில்லிநொடிதான். விட்டுவிடுங்கள்.

படி 7: பதினோராவது ஆளை வாசலில் நிறுத்துதல்

கல்யாணப் பந்தியில் பத்து இலை போட்ட வரிசையில் பதின்மூன்று பேரை நெருக்கி உட்கார வைத்தால், கடைசியாக வந்த மூவருக்கு மட்டுமா கஷ்டம்? பதின்மூன்று பேருக்கும் முழங்கை இடிக்கும். முன்னுரிமை வரிசையும் அப்படித்தான். இடம் 1.2 மெகாபிட், அதற்கு மேல் அழைப்பு வந்தால் ரவுட்டர் எந்த அழைப்பின் பாக்கெட் என்று பார்க்காமல் எறியும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த எல்லோருக்கும் குரல் உடையும். அதனால் பிபிஎக்ஸிலேயே துவாஸ் லைனுக்கு ஒரே நேரத்தில் 10 அழைப்பு என்று வரம்பு போடுங்கள். பதினோராவது ஆளுக்கு பிஸி டோன் கேட்கட்டும், அடுத்த பந்தியில் உட்காரலாம். வரிசையில் 12 பேருக்கு இடம் விட்டு, அனுமதியை 10இல் நிறுத்துவது இதற்காகத்தான்.

படி 8: மறுமுனை

மேலே சொன்னது எல்லாம் துவாஸிலிருந்து வெளியே போகும் திசைக்கு. வருகிற பாக்கெட்டை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது, அனுப்புகிறவர்தான் கட்டுப்படுத்த வேண்டும். பாய லேபாரில் 100 மெகாபிட் லைன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து துவாஸுக்குப் போவதை மட்டும் 9.5க்குத் தனியாக ஷேப் செய்ய வேண்டும். இல்லையென்றால் "நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை" என்று ஒரு புதுப் புகார் கிளம்பும். ஒரு பக்கம் மட்டும் குரல் உடைந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

சென்னையில் பின்னலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ கடலடிக் கேபிள் வந்தது, அதன் பிறகு வேறு கேபிள்களும் வந்திருக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி எடுக்கும். 3,000 கிலோமீட்டருக்கு 15 மில்லிநொடி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை ஒரு திசைக்கு 150 மில்லிநொடி வரை அனுமதிக்கிறது. எனவே தூரத்தைக் குறை சொல்லாதீர்கள், வரிசையைப் பாருங்கள். ஆனால் அந்த லைன் வழியாகப் போகும் அழைப்பை இந்தியாவின் பொதுத் தொலைபேசி வலையில் இறக்குவது சட்டச் சிக்கல் உள்ள விஷயம். அதைப் பொறியாளர் முடிவு செய்யக் கூடாது.

படி 9: சோதனை

லைன் காலியாக இருக்கும்போது பேசிப் பார்த்துவிட்டு "நன்றாகக் கேட்கிறது" என்று சொல்வது சோதனை ஆகாது. ஐபெர்ஃப் என்ற சோதனை மென்பொருளைப் போட்டு லைனை இரு திசையிலும் நிரப்புங்கள். மதிய உணவு இடைவேளையில் செய்தால் திட்டு குறைவு. நிரம்பியிருக்கும்போது அழைத்து, எதிர்முனையில் உள்ளவரை ஒன்றிலிருந்து ஐம்பது வரை நிதானமாக எண்ணச் சொல்லுங்கள். பொதுவாகப் பேசினால் விட்டுப்போன எழுத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். எண்ணும்போது "இருபத்து... நாலு" என்று விட்டுப்போவது உடனே பிடிபடும்.

பிறகு எண்கள். ஜிட்டர் (பாக்கெட் வந்துசேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிநொடிக்குள், இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ரவுட்டரில் பாலிசி கணக்கைக் காட்டும் கட்டளையைப் போட்டு முன்னுரிமை வரிசையில் எறிந்த பாக்கெட் எத்தனை என்று பாருங்கள். பூஜ்யம்தான் சரியான விடை. அந்த வரிசையில் ஒரு பாக்கெட்கூட ஓடவில்லை என்று காட்டினால் குறி வழியில் எங்கோ அழிந்துவிட்டது, படி 4க்குத் திரும்புங்கள். பொது வரிசையில் பாக்கெட் விழுந்தால் கவலை வேண்டாம், லைன் நிரம்பியிருக்கும்போது அது விழத்தான் செய்யும். கடைசியாக, பத்து அழைப்பையும் நிஜமாகவே போட்டுவிட்டுப் பதினோராவதைப் போட்டுப் பாருங்கள்.

லைன் அறுந்தால்

குரலும் தரவும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன என்பதை மறக்கக் கூடாது. துவாஸில் மாற்று வழியாக ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வைத்தோம். அதில் போகும்போது அனுமதி 4 அழைப்பு, பேக்கப் அடியோடு நிறுத்தம். ரவுட்டருக்கும் தொலைபேசிக்கு மின்சாரம் தரும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் வேண்டும்.

இன்னொன்று, பலர் நினைத்தே பார்க்காதது. கிடங்கில் யாராவது மயங்கி விழ, உடனிருப்பவர் ஆம்புலன்ஸுக்காக 995ஐ அழுத்தினால், அந்த அழைப்பு பாய லேபார் டிரங்க் வழியாக வெளியேறுகிறது. எதிர்முனைக்குத் தெரிவது தலைமை அலுவலகத்தின் எண். ஆம்புலன்ஸ் தீவின் மறுகோடிக்குப் போய் நிற்கலாம். 995, காவல்துறையின் 999 இரண்டையும் கிடங்கிலேயே உள்ள ஒரு தனி லைனில் வெளியேறும்படி பிபிஎக்ஸில் வழி எழுதுங்கள். சோதிக்கிறேன் என்று அந்த எண்களை அழைக்காதீர்கள். வேறொரு எண்ணைத் தற்காலிகமாக அதே வழியில் திருப்பிவிட்டு, உங்கள் கைபேசியில் எந்த எண் தெரிகிறது என்று பாருங்கள். காவலர் அறையில் ஒரு தொலைபேசியை அந்தத் தனி லைனில் நேரடியாக மாட்டிவிட்டு, கிடங்கின் முழு முகவரியையும் புளோக் எண்ணோடு பெரிய எழுத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.